அந்தத் தலையைப் பிடி, மக்ளே

நம்பச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. திருவனந்தபுரம் கரமனையில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், கொலுசு போட்டுக்கொண்டுதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

என்னிடம் இதைச் சொன்னவர் ஆறுமுகநயினார். வயது அறுபத்தொன்று. நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வருடம் திருவனந்தபுரத்தில் கட்டட வேலைகளுக்கு சைட் சூப்பர்வைசராக இருந்து ஓய்ந்தவர். கதை விடுகிற ஆள் இல்லை. சுவர் பத்தடி என்று யாராவது சொன்னால், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து, "ஒம்பதடி பதினொண்ணு" என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன் மகளிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்று.

மகள் நீது. ஒரே பிள்ளை. திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் மலையாளம் கலக்கும், 'நான்' என்பது 'ஞான்' ஆகும். இருபத்தைந்து வயது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி; அதனால் ராவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள், பகலில் தூங்குவாள். பின்னறையில் ஒரு மேஜை, அதில் ஆபீஸ் கொடுத்த பெரிய மானிட்டர். அந்த மேஜையின் பின்விளிம்பில் ஒட்டுவதற்கு ஒரு எல்இடி விளக்குப் பட்டை ஆர்டர் போட்டிருந்தாள்.

அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"இது வீடா, கல்யாண மண்டபமா? செவப்பும் பச்சையுமா மின்னிக்கிட்டு... பாக்கவன் என்ன சொல்லுவான்?"

"அப்பா, ஞான் சொல்லுறதக் கேளுங்களேன். கலரொண்ணும் இல்ல..."

அவர் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் பார்சல் வந்தது. நீது தூங்கிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆறுமுகநயினார், அதை அலமாரி மேல், பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். சாயங்காலம் அவள் கேட்டாள்.

"பார்சல் வந்துதாப்பா?"

"வரல்ல."

புதன் கேட்டாள். வரல்ல. வெள்ளி கேட்டாள். வரல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ் கூட்டுக்காரர்களோடு கல்லாற்றில் குளிக்கப் போகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதும் கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள் என்பது அவருக்கு இன்றைக்கும் ஞாபகம்.

"அப்பா... பார்சல் வந்துதா?"

"வரல்லன்னேம்லா! எத்தன தடவ சொல்லணும்?"

"செரி செரி. போயிட்டு வாறேன்ப்பா."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

கல்லாற்றில் அன்றைக்கு நல்ல வெயில். மேலே மலையில் மழை பெய்தது கீழே யாருக்கும் தெரியாது. தண்ணீர் ஒரே மூச்சில் ஏறிவந்தது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு மனசில்லை.

பதினாறு நாள் கூடத்தில், அவளைக் கிடத்தியிருந்த இடத்தில், விளக்கு அணையாமல் எரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விளக்கை எடுத்துவிட்டார்கள். வந்த சொந்தமெல்லாம், அந்த வீட்டு வழக்கப்படி, போய்வருகிறோம் என்று சொல்லாமலே இறங்கிப் போயிற்று. வியாழக்கிழமை ஆபீசிலிருந்து போன். மானிட்டரையும் லேப்டாப்பையும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கூட வேலை பார்த்த அனீஷ் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வருவான்.

அப்போதுதான் ஆறுமுகநயினாருக்குப் புரிந்தது. அந்த மேஜை அவளுடைய மேஜையாக இருப்பது சனிக்கிழமை அஞ்சு மணி வரைதான். அதற்குள் அவள் கேட்ட விளக்கு ஒரு தடவையாவது அங்கே எரிய வேண்டும். அலமாரி மேலே ஒளித்துவைத்த விஷயத்தைப் பெண்டாட்டி சூடாமணியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவள்தான் இல்லையே.

சனிக்கிழமை. மதியம் மூன்று மணி ஐந்து நிமிடம். கர்க்கடகம், அதாவது நம்ம ஆடி மாதத்து மழை, வானம் கறுத்து வீட்டுக்குள் லைட் போட வேண்டிய இருட்டு. சூடாமணி மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருந்தார். ஆறுமுகநயினார் ஸ்டூலில் ஏறிப் பார்சலை இறக்கினார்.

முதல் உறுத்தல் அங்கேதான். பார்சல் வாயை யாரோ ஏற்கெனவே கீறித் திறந்து, மறுபடி ஒட்டியிருந்தார்கள். கொண்டுவந்தவன் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

உள்ளே ஐந்து மீட்டர் பட்டை, சுருட்டி வைத்திருந்தது. ஒரு அடாப்டர். ஒட்டுவதற்கு முன்னால் எரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று போனில் ஒரு வீடியோக்காரன் சொன்னான். மூன்று நாற்பதுக்கு பிளக்கில் செருகினார்.

சிவப்பு இல்லை. பச்சை இல்லை. மின்னவும் இல்லை.

குத்துவிளக்குச் சுடர் நிறத்தில், ஒரே ஒரு அமைதியான வெளிச்சம். அவ்வளவுதான். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தார். இருட்டில் ஸ்கிரீன் பார்க்கிறவர்களுக்குக் கண்வலி குறைவதற்கு என்று போட்டிருந்தது. காலையில் வேலை முடித்ததும் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு அவள் படுப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கிழவர் தரையில் உட்கார்ந்து அழுதார். சத்தம் வராமல், தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை நிற்காது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீதுவுக்கு ஆறு வயதானதிலிருந்து, லீவு நாளில் சைட்டுக்குப் போனால் அவளையும் கூட்டிப்போவார். டேப்பின் ஒரு தலை அவள் கையில், மறுதலை அவர் கையில். "பிடிச்சியா?" என்பார். "பிடிச்சாச்சுப்பா!" என்பாள். மிக்சர் மெஷின் இரைச்சலில் குரல் கேட்காவிட்டால் டேப்பை இரண்டு தடவை சுண்டுவாள். டக், டக். அளந்து முடித்ததும் "விடு" என்பார். அவர் சொல்லாமல் விடக்கூடாது. விட்டால் டேப் பாய்ந்துவந்து கையை வெட்டும். ஒருநாள் பக்கத்தில் நேமம் என்ற ஊரில் ஒரு சைட். அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது முதலாளி கூப்பிட்டார் என்று தன் பக்கத்து டேப்பை ஒரு செங்கல்லுக்கு அடியில் அழுத்தி வைத்துவிட்டுப் போனவர், பேச்சில் மறந்தே போனார். அரைமணி நேரம் கழித்து வந்தால், கொளுத்துகிற வெயிலில் பிள்ளை டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

"கை கடுக்கல்லியா மக்ளே?"

"அப்பா விடுன்னு சொல்லல்லியே."

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மேஜையை ஒரு முழம் முன்னால் இழுத்தார். அதன் பின்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார். நாலு பன்னிரண்டு. விளிம்பின் இடது முனையில் டேப்பின் கொக்கியை மாட்டி வலது பக்கம் இழுத்தார். கழன்றுவிட்டது. மறுபடி மாட்டினார். மறுபடி கழன்றது. கொக்கி தேய்ந்துபோன பழைய டேப். பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிற்று.

"அந்தத் தலையைப் பிடி, மக்ளே."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுத்தார்.

இந்த முறை நின்றது.

நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். டேப்பைச் சுருட்டப் பட்டனை அமுக்கினார்.

சுருளவில்லை.

மறுபடி அமுக்கினார். விறைப்பாக நின்றது. எங்கேயாவது சிக்கியிருக்கும். கொஞ்சம் ஆட்டினார். அசையவில்லை. மழைச்சத்தம். சுவர்க்கடிகாரம். வேறு சத்தம் இல்லை. ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மெல்லச் சொன்னார்.

"விடு."

சர்ர்ர்ர்... டப்!

டேப் உள்ளே போய்விட்டது.

அவர் இடது பக்கம் பார்க்கவில்லை. பயந்து இல்லை. "பாத்தா அங்க ஒண்ணும் இருக்காதுல்லா... அதான் பாக்கல்ல" என்றார் என்னிடம்.

பட்டையை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. மூன்று பல்புக்கு ஒருமுறை, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு செம்புக்கோடு இருக்கும். அதில்தான் வெட்ட வேண்டும். நூற்று நாற்பத்தைந்தில் வெட்டினார். ஒட்டுகிற இடத்தைத் தூசி இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. சானிடைசர் தொட்டுத் துடைத்துக்கொண்டே போனார். துணியில் ஒரு நீள முடி வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இடது முனைக்கு ஒரு முழம் இருக்கும்போது கை நின்றுவிட்டது. அங்கே அவள் விரல்தடம் இருந்தது. டீயோ காபியோ பட்ட கையால் விளிம்பைப் பிடித்த நாலு விரல். அதைத் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

நாலு இருபத்தொன்பது. ஒட்ட ஆரம்பித்தார்.

பட்டையின் முதுகில் மஞ்சள் பேப்பர். அதைக் கொஞ்சம் உரிக்க வேண்டும், ஒட்ட வேண்டும், மறுபடி கொஞ்சம் உரிக்க வேண்டும். வலது பக்கம் தொடங்கினார். ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை இது. மறுமுனை தொங்கினால் பட்டை கோணிக்கொள்ளும். முதல் சாண் கோணலாகத்தான் வந்தது. பிய்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்தார்.

இந்த முறை பழக்கதோஷம் இல்லை. தெரிந்தேதான் கேட்டார்.

"பிடிச்சியா?"

ஒன்றுமில்லை. மழை. கடிகாரம்.

பிறகு, தரையில் கிடந்த பட்டை மெதுவாக எழும்பியது.

விளிம்போடு விளிம்பாக... நேராக... விறைப்பாக நின்றது.

டக்.

டக்.

இரண்டு சுண்டு. அவர் விரல் நுனியில்.

அவர் தலையைத் திருப்பவில்லை. கண் விளிம்பிலேயே இருந்தது. உரித்தார். ஒட்டினார். உரித்தார். ஒட்டினார். பட்டை கோணவில்லை. நூல் பிடித்ததுபோல நேராக வந்தது. கண்ணீர் மூக்கில் இறங்கி மேஜையில் சொட்டியது. அதையும் துடைத்துக்கொண்டு ஒட்டினார்.

நாலு நாற்பத்துமூன்று. பாதிக்கு மேல் ஆகிவிட்டது.

"மக்ளே..."

பட்டை அப்படியே நின்றது.

"பார்சல் அன்னைக்கே வந்துட்டு மக்ளே. செவ்வாய்க்கெழமையே வந்துட்டு. நான்தான்... நான்தான் ஒளிச்சு வச்சேன். வரல்லன்னு பொய் சொன்னேன். நீ வாசல்ல நின்னு கேக்கயிலும் பொய் சொன்னேன். போயிட்டு வாறேன்னு சொன்னே... நான் தலையத் தூக்கல்ல..."

பட்டை தளர்ந்தது.

அவர் விரலை எடுக்கவில்லை.

ஒரு நொடி.

இரண்டு நொடி.

மறுபடி விறைத்தது.

டக்.

டக்.

"யாரோட பேசுதிய?"

அடுத்த அறையிலிருந்து சூடாமணியின் குரல். அவர் திடுக்கிட்டு எழுந்தார். மேஜைக்கால் இடித்தது. அதே சமயம் வாசல் மணி. ட்ரிங்... ட்ரிங்... அஞ்சு மணிக்கு வர வேண்டிய அனீஷ், மழைக்குப் பயந்து பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நின்றான். அவர் போய்க் கதவைத் திறந்தார். கையில் கத்தரிக்கோல் இருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அனீஷ் நல்ல பையன். உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். ஆறுமுகநயினார் பிளக்கைச் செருகினார். சுவரெல்லாம் அந்த வெளிச்சம் பரவியது. மானிட்டருக்குப் பின்னால், பென்சில் டப்பாவுக்குப் பின்னால், அவள் சாய்ந்து உட்காரும் நாற்காலி வரைக்கும் பரவியது.

அனீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மானிட்டர் வயரைக் கழற்ற மேஜைக்குப் பின்னால் குனிந்தான். குனிந்தவன் எழுந்திருக்கவில்லை.

"அங்கிள்..."

"என்ன?"

"இங்க இடது பக்கம் பேப்பர் உரிக்கலியே. ஒரு முழம் அப்படியே இருக்கு. பசையே படல்ல."

"ம்?"

"பசையில்லாம இது எங்ஙனே அங்கிள் நிக்குது?"

ஆறுமுகநயினாரும் குனிந்து பார்த்தார். வாசல் மணிக்கு எழுந்து ஓடினபோது அவர் ஒட்டி முடிக்கவில்லை. அந்தக் கடைசி முழம், விரல்தடம் இருக்கிற அந்த முழம், பேப்பரோடு விளிம்பில் நேராக நின்றுகொண்டிருந்தது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். பார்சலை, பொய்யை, வாசலை. அனீஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தன் போனை எடுத்தான். ரொம்ப நேரம் தேடினான்.

"அங்கிள், இது அவ எனக்கு அனுப்பினது. கல்லாறு போறதுக்கு முந்தின ராத்திரி. பதினொண்ணு இருபதுக்கு."

வாசித்தான்.

"பார்சல் வந்தாச்சுடா. அப்பா அலமாரி மேல ஒளிச்சு வச்சிருக்கு. ஞான் எடுத்துப் பாத்துட்டு அதே இடத்துல வச்சாச்சு. டெய்லி கேக்கும்போ அந்த மொகத்தப் பாக்கணும், பாவம், பொய் சொல்லவே தெரியல. ஞான் சொல்ல மாட்டேன். அப்பாவே ஒருநாள் எடுத்து ஒட்டித் தரும், நீ பாரு. அப்போ அந்தத் தலையை ஞான்தான் பிடிப்பேன்."

அனீஷ் போனைக் கீழே வைத்தான்.

பின்னறை வாசல்படியில் சூடாமணி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியாது. முடி அவிழ்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். புருஷனைத் திட்டவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க பிடிச்சியான்னு கேட்டது எனக்குக் கேட்டுது."

அவர் தலையைத் தூக்கினார்.

"பிடிச்சாச்சுப்பான்னு அவ சொன்னதும் கேட்டுது."

ஆறுமுகநயினாருக்கு அது கேட்கவே இல்லை. அவருக்குக் கிடைத்தது அந்த இரண்டு சுண்டு மட்டும்தான்.

சூடாமணி மெல்ல நடந்து வந்து, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்கையைப் பிடித்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கா பிள்ள. கை கடுக்காதா அவளுக்கு? விடுன்னு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மானிட்டர் போய்விட்டது, லேப்டாப் போய்விட்டது. மேஜை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாமி விளக்கு ஏற்றினதும் ஆறுமுகநயினார் பின்னறைக்குப் போய் அந்தப் பிளக்கைப் போடுவார். தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறார். தினமும் சொல்லாமல் திரும்புகிறார்.

நான் போன வாரம் போய்ப் பார்த்தேன். நம்பாமல்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பின்னால் குனிந்து, இடது முனையில் பேப்பருக்கும் பலகைக்கும் நடுவே நகத்தை விட்டேன். சுலபமாக உள்ளே போயிற்று. பசை இல்லை. ஆணி இல்லை. கிளிப் இல்லை. மெல்லக் கீழே இழுத்தேன்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

டக்...

டக்...

நான் கையை எடுத்துவிட்டேன். ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். ஆறுமுகநயினார் பாய்ந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தொரு வயது மனுஷன் கெஞ்சினார்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க. இங்க நின்னு அந்த ஒத்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை.

திரும்பும்போதுதான் கவனித்தேன். மேஜையின் இடது முனையில், சுவரோடு ஒட்டி, ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. அலமாரியிலிருந்து பார்சல் இறக்க அவர் ஏறினாரே, அதே ஸ்டூல். அதன்மேல் ஒரு சின்ன மெத்தை, துவைத்த உறை போட்டு. ஸ்டூலும் போட்டபிறகு அந்த ஒடுக்கில் யாரும் போய் உட்கார முடியாது.

"இது எதுக்கு இங்க?" என்று கேட்டேன்.

சூடாமணி அம்மா மெத்தையைத் தட்டிச் சரிசெய்தார்.

"அவரு சொல்ல மாட்டேங்காரு. அதுவரைக்கும் பிள்ள உக்காந்திருந்தாவது பிடிக்கட்டும்."